உள்ளே இருப்பவர்: கொம்பையா

ஒரு காட்டில் ஒரு சிங்கமும் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. சிங்கம் ஆண்டது, கம்ப்யூட்டர் நடத்தியது.

கம்ப்யூட்டர் சிங்கத்தின் குகையில் இருந்தது. அதன் முக்கியமான வேலை மணி அடிப்பது. கோடை வந்தால் அந்தக் காட்டில் ஒரே ஒரு மடுவில்தான் தண்ணீர் நிற்கும். எல்லோரும் ஒன்றாகப் போனால் குடிக்க வந்தவர் யார், தின்ன வந்தவர் யார் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் முறை வைத்திருந்தார்கள். மடுக்கரை மருதமரத்து மணி ஒரு தடவை அடித்தால் மான், முயல் போன்ற சாதுக்களின் முறை. இரண்டு தடவை அடித்தால் யானைகள். மூன்று தடவை அடித்தால் புலி. சிங்கம் இருக்கிற காட்டில் புலி எப்படி என்று கேட்க வேண்டாம். கதையில் வருகிற காடுகளில் இரண்டும் இருக்கும்.

இந்த மணிக்கு ஆவுடையப்பன் என்ற ஆமை பொறுப்பு. வெயில் ஏற ஏற, தண்ணீர் வற்ற வற்ற, முறைகளைத் தினமும் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி வைக்க வேண்டும். வேலை சின்னதுதான், குகைதான் தூரம். திங்கட்கிழமை முறையை மாற்றக் கிளம்பினால் வியாழக்கிழமை குகை வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார். இதைப் பார்த்துச் சலித்த சிங்கம், கையகலத்தில் ஒரு திரையைக் கொடுத்து, "இருக்கிற இடத்திலிருந்தே பாரும்" என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து ஆவுடையப்பன் தன் குட்டைச் சேற்றில் வயிறு குளிரப் படுத்தபடி திரையைத் தொடுவார். குகையில் யாரும் தொடாமலே கம்ப்யூட்டர் வேலை செய்யும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பது மற்றவர்களுக்குச் சலுகை. ஆமைக்கு அது உடம்பு.

குகைக் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஒரு பாஸ்வேர்டு உண்டு. அது 'சிங்கம்'. வேறு எதை வைத்தாலும் மகாராசா மனம் கோணுவார் என்று அதையே வைத்திருந்தார்கள். யாராவது மறந்துவிட்டால் குரங்குகள் மரத்துக்கு மரம் கூவி நினைவுபடுத்தும். வாசலும் அந்தக் காட்டுக்கு மட்டும் திறந்த வாசல் இல்லை. எந்த மலையிலிருந்து யார் தட்டினாலும், 'பாஸ்வேர்டு என்ன?' என்று மரியாதையாகக் கேட்கும்.

வடக்குமலைப் பொந்தில் கொம்பையா என்று ஒரு நரி இருந்தான். அவனுக்கு வேட்டையாடிப் பழக்கமில்லை. புலி தின்றுவிட்டு வைக்கும் மிச்சத்தைத் தின்றுதான் பழக்கம். அந்தக் கோடையில் புலி எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஒரு மத்தியானம் பசியில் தூக்கம் வராமல் கொம்பையா பொந்தில் இருந்தபடியே ஒரு திரையில் அந்த வாசலைத் தட்டிப் பார்த்தான். 'ராசா' என்று போட்டான், கதவு மறுத்தது. 'சிங்கம்' என்று போட்டான், உள்ளே இருந்தான். தான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டான். நுழைந்த சூட்டோடு தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, அதற்கு மகாராசாவுக்கு நிகரான அதிகாரத்தையும் கொடுத்துக்கொண்டான். பிறகு புலியின் முறையைச் சாயங்காலத்திலிருந்து தூக்கி, மான் முறையின் முதுகோடு ஒட்டி வைத்தான்.

மறுநாள் காலை மணி ஒன்று அடித்தது. பேச்சி என்ற புள்ளிமான் தன் குட்டியை முன்னே விட்டு மடுவுக்கு வந்தாள். குட்டிக்கு அது முதல் கோடை. தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, குடிக்க மறந்து நின்றது. அது வாயை நனைப்பதற்குள் மணி மூன்று அடித்தது. எதிர்க்கரைப் புதர் விலகியது.

எப்படி ஓடினாள் என்று பேச்சிக்கே தெரியாது. குட்டியின் வாலிலிருந்து கொஞ்சம் மயிர் மட்டும் புலியின் நகத்தோடு போயிற்று. ஓடிய கால் நிற்காமல் அவள் நேராக ஆவுடையப்பனின் குட்டைக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, நாங்க எங்க காலை நம்பி வரல. உங்க மணியை நம்பித்தான் வந்தோம்."

"புலி முறையை நான் சாயங்காலத்துக்குல்லா வச்சிருந்தேன்."

"அப்ப இன்னைக்குச் சாயங்காலம் காலையிலேயே வந்துட்டுது போல."

குட்டி அவருடைய ஓட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, திரும்பி நின்று தன் வாலைக் காட்டியது.

அவர் திரையைத் திறந்தார். புலி முறை காலையில் இருந்தது. அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தார். கை எடுத்த பிறகும் திரையில் இருந்த அம்புக்குறி நகர்ந்தது. நிதானமாக, உலாவப் போகிறவர் மாதிரி நடந்து போய், புலி முறையைப் பிடித்துத் திரும்பக் காலைக்கு இழுத்து வந்தது. ஆவுடையப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஓட்டுக்குள் இருந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மறுபடி எட்டிப் பார்த்தார். அம்புக்குறி இன்னும் உலாவிக்கொண்டுதான் இருந்தது.

"மணி அடிச்சாலும் மடுவுக்குப் போவாத, பேச்சி. நான் சொல்லி விடுற வரைக்கும் குட்டியைக் கூட்டிட்டு வராத."

"தாகத்துக்கு என்ன செய்ய?"

அவர் குட்டையில் இருந்தது சேறு. குட்டி அதை நக்கிப் பார்த்துத் தும்மியது.

"சீக்கிரம் சொல்லி விடுதேன்" என்றார் ஆவுடையப்பன். அவர் வாயில் அந்த வார்த்தை அன்றுதான் முதல் தடவையாக வந்தது.

குரங்குகள் வழியாகச் செய்தி குகைக்குப் போயிற்று. சிங்கம் வேலம்மாளை வரவழைத்தது. வேலம்மாள் ஒரு முள்ளம்பன்றி. பல காடுகளில் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் போட்டுப் பழகியவள், வேலை தெரிந்தவள். சேற்றிலிருந்தபடியே ஆவுடையப்பனும் திரை வழியாகக் கூட்டத்தில் கலந்துகொண்டார்.

"முதல்ல அந்த வெளிவாசலை அடைக்கணும்" என்றாள் வேலம்மாள். "நம்ம ஆளுங்க மட்டும் வர்றதுக்கு ரகசியமா ஒரு சுரங்கம் போடணும். சுரங்கத்துக்குள்ள வந்தாத்தான் கதவு இருக்கறதே தெரியணும். பாஸ்வேர்டு நீளமா இருக்கணும். மூணு தடவை தப்பாப் போனா தானாப் பூட்டிக்கணும். அதுக்கு மேல, ஒவ்வொரு தடவையும் போனுக்கு ஒரு எண் வரணும். அதையும் போட்டாத்தான் உள்ளே."

"எண் யாருக்கு வரும்?" என்று கேட்டது சிங்கம்.

"உள்ளே வர்ற ஆளுக்கு."

"இந்தக் காட்டில் யாருக்கு எது வந்தாலும் முதலில் எனக்குத்தான் வரும்."

வேலம்மாளின் முட்கள் லேசாக நிமிர்ந்தன. பிறகு படிந்தன. "சரி, மகாராசாவுக்கே வரட்டும். இன்னும் ஒண்ணே ஒண்ணு. பூட்டை மாத்துறதுக்கு முன்னால கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சு எழுப்பணும். ஏற்கெனவே உள்ளே உக்காந்திருக்கறவங்க அப்பத்தான் வெளியே விழுவாங்க."

சிங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"நாளைக்கு வளர்பிறை. நல்ல நாள் பார்த்துப் புதுப் பூட்டு போடுகிறோம். அந்த நேரத்தில் எரிகிறதை அணைக்கச் சொல்கிறாயா? உங்கள் வீட்டில் கல்யாணத்தன்றைக்குக் குத்துவிளக்கை ஊதி அணைத்துவிட்டுத்தான் தாலி கட்டுவார்களா?"

"இது விளக்கு இல்ல, மகாராசா."

"வெளிச்சம் வருகிறதா இல்லையா?"

வருகிறது என்று வேலம்மாள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

மறுநாள் கம்ப்யூட்டருக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். குகைக்கு மாவிலை கட்டினார்கள். வெளிவாசலை அடைத்தார்கள். சுரங்கம் போட்டார்கள். பூட்டை மாற்றினார்கள். தேங்காய் உடைத்தார்கள். நல்லபடியாக ஏற்றிய வெளிச்சம் ஒரு மண்டலத்துக்கு அணையக் கூடாது என்று சிங்கம் உத்தரவு போட்டது. அத்தனையையும் வடக்குமலைப் பொந்திலிருந்து கொம்பையா உள்ளே உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். கற்பூரம் காட்டியபோது எழுந்து நின்று கும்பிடவும் செய்தான்.

விழா முடிந்ததும் ஆவுடையப்பன் உள்ளே போகப் பார்த்தார். புதுப் பாஸ்வேர்டு அவர் கழுத்தை முழுக்க நீட்டினாலும் அதைவிட நீளம். ஒரு வழியாகச் சரியாகப் போட்டார். எண் மகாராசாவின் போனுக்குப் போயிற்று. விழாச் சாப்பாடு முடித்த மகாராசா போனின் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வயிற்றுக்கு அடியில் கைவிட்டு எடுத்துப் பார்க்கக் குரங்குகளிலேயே ஆள் கிடைக்கவில்லை. எண் காலாவதியானது. மறுபடி போட்டார், மறுபடி காலாவதி. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனதும் கதவு அவரைப் பூட்டிவிட்டது. அடுத்து வேலம்மாள் முயன்றாள். அவளையும் பூட்டிவிட்டது. சாயங்காலம் தூங்கி எழுந்த சிங்கம், "நகருங்கள்" என்று தானே போட்டது. அதன் பாதம் ஒரு தடவை பட்டால் நாலு எழுத்து விழும். மூன்றாவது தடவை மகாராசாவும் வெளியே.

வேலம்மாள் ஆவுடையப்பனுக்குத் திரை வழியாகத் தகவல் சொன்னாள்.

"அண்ணாச்சி, என் ஆயுசுல இவ்வளவு நல்ல பூட்டு போட்டதில்ல. பாருங்க, யாராலயும் முடியல." அவள் குரலில் உண்மையான பெருமை இருந்தது. அது கொஞ்ச நேரத்தில் கரைந்தது. "என்னாலயும்தான் முடியல."

"புலி முறை எங்க நிக்கி?"

"காலையிலதான்."

"அப்ப அணைச்சு எழுப்பும்மா."

"மண்டலம் முடியணுமாம். கிட்டப் போனா உறுமுதாரு."

பூட்டிய கதவின் மேல் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. உள்ளே இருப்பவர் யார் என்று அது காட்டும். அவருக்கு வெளியிலிருந்து ஒரு வார்த்தை எழுதியும் போடலாம். ஆவுடையப்பன் கண்ணைச் சுருக்கிப் படித்தார். 'உள்ளே இருப்பவர்: கொம்பையா.' பொய்ப் பெயர் வைக்கக்கூட அவன் மெனக்கெடவில்லை.

'கொம்பையா, நல்லா இருக்கீரா?' என்று எழுதிப் போட்டார்.

'நல்லா இருக்கேன் வே. உள்ள காத்தோட்டமா இருக்கு' என்று பதில் வந்தது.

'மான் முறையையும் புலி முறையையும் பிரிச்சு வையும். பேச்சி குட்டி தண்ணி குடிச்சு நாளாவுது.'

'குட்டி குடிச்சா குட்டிக்கு நல்லது. புலி தின்னா எனக்கும் நல்லது. நீரே சொல்லும், நான் எதைப் பாக்க?'

'இது நல்லா இல்ல, கொம்பையா.'

'நீர் வெளிய நின்னு பேசுதீரு, வே. வெளிய நிக்கவங்களுக்கு அப்படித்தான் தெரியும்.'

ஆவுடையப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். வெளியே பேச்சி வந்து நிற்பது கால் சத்தத்தில் தெரிந்தது. குட்டியின் கால் சத்தம் கேட்கவில்லை. அது வரும் வழியிலேயே படுத்துவிட்டதாம். பேச்சி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

அப்போது தரை அதிர்ந்தது. யானைக் கூட்டத்தின் தலைவி மாடத்தி வந்து நின்றாள். கொம்பையாவுக்கு மான் முறையிலும் புலி முறையிலும்தான் அக்கறை. அவற்றை நகர்த்திய கையோடு யானை முறையை மத்தியானத்திலிருந்து எடுத்தவன், எங்கும் வைக்காமலே விட்டிருந்தான்.

"ஏ ஆவுடை. எங்களுக்கு மணி அடிக்கலையே. நாங்க குடிக்கவா, வேண்டாமா?"

நாள் முழுக்கப் பூட்டோடு மல்லுக்கட்டிய அலுப்பில், எந்த ஆபீசிலும் எல்லோரும் சொல்கிற ஒன்றை ஆவுடையப்பன் சொன்னார்.

"என் கையில இல்ல, தாயி. சீட்டுல இப்ப வேற ஆள்."

"யாரு?"

"வடக்குமலைக் கொம்பையா."

மாடத்தி அதற்கு மேல் எதையும் விசாரிக்கவில்லை. அந்தக் காட்டில் அதுதான் வழக்கம். சீட்டுக்கு ஆள் எப்படி வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. சீட்டில் இருக்கிறார் என்றால் போய் முன்னால் நிற்பார்கள். மாடத்தி தன் கூட்டத்தோடு வடக்குமலைக்குப் போய் நரிப்பொந்தைச் சுற்றி உட்கார்ந்தாள். கூட்டத்தில் கடைசிப் பையன் தும்பிக்கையைப் பொந்துக்குள் விட்டு, ஆள் இருக்கிறாரா என்று துழாவிப் பார்த்தான்.

சற்று நேரத்தில் மருதமரத்து மணி இரண்டு அடித்தது.

ஆவுடையப்பன் ஓட்டுக்குள்ளிருந்து மெதுவாகத் தலையை நீட்டினார். மணி அடித்த திசையைப் பார்த்தார். வடக்குமலையைப் பார்த்தார். ஆமைக்கு யோசனை வர நேரமாகும். வந்துவிட்டால் லேசில் போகாது.

"பேச்சி, உனக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது குகையில ஏதாவது காரியம் ஆவாமக் கிடக்கா?"

"யாருக்குத்தான் கிடக்கல?"

"எல்லாரையும் வடக்குமலைக்குப் போகச் சொல்லு. சீட்டுல ஆள் இருக்காருன்னு சொல்லு. நல்லவர், கேட்டாச் செய்வாருன்னு சொல்லு."

காட்டில் செய்தி பரவக் குரங்குகள் போதும். கரடிகள் தேன்கூட்டுத் தகராறைக் கொண்டு போயின. முயல்கள் பிள்ளைகள் பெயரைப் பதிவு செய்ய வந்து நின்றன. பதிந்து முடிப்பதற்குள் இன்னும் சில பிள்ளைகள் பிறந்தன. போன மழைக்காலத்தில் கேட்ட விடுப்பு என்னாயிற்று என்று குரங்குகள் கேட்டன. மறுநாள் காலையில் மடுவுக்குப் போன புலி, மணி மூன்று அடித்தும் மாடத்தியின் கூட்டம் தண்ணீரிலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டு வடக்குமலைக்கு ஏறியது. வரிசையில் அதற்கு எல்லோரும் வழி விட்டார்கள்.

"மணி அடிக்கறது நீதானா?" என்றது புலி.

"ஆமாங்கய்யா. தங்களுக்காகத்தான் காலையில மானோட சேர்த்து..."

"எனக்கு வேட்டை வேற, தாகம் வேற. தண்ணி குடிக்கற இடத்துல எனக்குக் கூட்டம் ஆகாது. நாளைக்கும் நான் தொண்டை காஞ்சு திரும்பினா, வேட்டையை இங்க வச்சுக்கிடுதேன்."

புலியே முன்னால் வந்து நின்று பேசிவிட்டதால், இனிமேல் இந்தக் கதையும் கொம்பையாவை 'அவர்' என்றுதான் சொல்லியாக வேண்டும்.

கொம்பையா அன்றே புலி முறையைச் சாயங்காலத்துக்குத் தள்ளினார். யானைகள் மத்தியானம். மான்கள் காலையில், பக்கத்தில் யாரும் இல்லாமல். மறுநாள் மணி ஒன்று அடித்தது. பேச்சி, ஆவுடையப்பன் சொல்லி விட்ட பிறகுதான் கிளம்பினாள். குட்டியை முட்டி முட்டி நடத்திக் கூட்டிப் போனாள். இந்தத் தடவை அது தன் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முகம் இருந்த இடத்திலேயே வாயை வைத்துக் குடித்தது.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் கொம்பையா இன்னும் உள்ளே இருந்தார்.

வெயில் ஏற முறைகளை நகர்த்த வேண்டும். ஒரு நாள் அசந்தால் மாடத்தி கீழே நின்று தும்பிக்கையை நீட்டுவாள். கரடித் தகராறைத் தீர்த்தால் தோற்ற கரடி மறுநாள் வரும். தூங்கி எழுந்த சிங்கமும், "யாரோ உள்ளே இருக்கிறாராமே, அவரிடமே சொல்லுங்கள்" என்று எல்லாவற்றையும் வடக்குமலைக்குத் தள்ளிவிட்டது. கொம்பையாவுக்குச் சாப்பிட நேரமில்லை. புலி இரண்டு தடவை மிச்சம் வைத்ததாகக் கேள்விப்பட்டார். போய்ப் பார்க்க முடியவில்லை. வாசலில் முயல்கள் நின்றன. கைக்கெட்டும் தூரத்தில் அத்தனை முயல் நின்றும், நடுவில் யானை நின்றதால் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஒரு நாள் ஆவுடையப்பனின் திரையில் அவராகவே எழுதினார்.

'வே, ஆவுடையப்பன். என்னை வெளிய அனுப்பும்.'

'நீரே வெளிய வரலாமே.'

'வந்தா மணி நின்னுரும். நின்னா அந்த யானையம்மா வந்துரும். யாராவது உள்ள வந்து உக்காந்தாத்தான் நான் எந்திரிக்க முடியும்.'

'எங்களைத்தான் பூட்டிப் போட்டிருக்கே. அணைச்சு எழுப்பலாம்னாலும் மண்டலம் முடியணும். முடிஞ்சதும் நானே நேர்ல நடந்து வந்து அணைக்கேன். பொறுத்துக்கிடும், நான் ஆமை.'

பிறகு, 'நான் திறந்து விடுதேன். வந்துரும்' என்று வந்தது.

கொம்பையா அன்று வேலை பார்த்ததைப் போல அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை. ஆவுடையப்பனின் பூட்டை எடுத்துவிட்டார். எண் இனிமேல் மகாராசாவின் வயிற்றுக்கு அடியில் போகாமல், உள்ளே வருகிறவர் கைக்கே போகும்படி மாற்றினார். மகாராசாவுக்கு மட்டும் 'எல்லாம் சுகம்' என்று நாளுக்கொரு தகவல் போக வழி செய்தார். குரங்குகளை மணிப்பக்கமே வரவிடாமல் அவரவர் வேலைக்குத் தேவையான இடம் வரைக்கும் மட்டும் விட்டார். யார் எப்போது வந்தார், எதைத் தொட்டார் என்று தானாகப் பதியும்படி வைத்தார். கடைசியில் தன் பெயரில் இருந்த கணக்கை அழித்து, கொம்பையா என்று ஒருவன் கெஞ்சினாலும், அழுதாலும், யார் சிபாரிசு செய்தாலும் எந்த நாளும் உள்ளே விடக் கூடாது என்று கதவுக்குக் கட்டளை போட்டார். தெரிந்தே ஒரு ஓட்டை விட்டால் அந்த வழியாகத் தன்னைத்தான் மறுபடி இழுத்துப் போடுவார்கள் என்ற பயத்தில், இல்லாத ஓட்டைகளையும் தேடித் தேடி அடைத்தார்.

'வந்துட்டீரா?' என்று கேட்டார்.

'ஒரு கால் உள்ள வச்சிருக்கேன்' என்றார் ஆவுடையப்பன்.

'மத்த காலையும் சீக்கிரம் வையும், வே. புண்ணியமாப் போவும்.'

ஆவுடையப்பன் நிதானமாக உள்ளே போனார். கதவின் மேல் எழுத்து மாறியது. 'உள்ளே இருப்பவர்: ஆவுடையப்பன்.' அதே நேரம் கொம்பையா பொந்தின் பின்வழியாக இறங்கி, முயல்களுக்குத் தெரியாமல், அடுத்த மலையையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். அந்த மலையில் தண்ணீர் இல்லை, புலி இல்லை, மிச்சமும் இல்லை. கம்ப்யூட்டரும் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் படுத்தான்.

மண்டலம் முடிந்த நாளில் வேலம்மாள் வந்து பூட்டைச் சோதித்தாள். தட்டிப் பார்த்தாள், குத்திப் பார்த்தாள், சுரங்கத்தின் இரண்டு முனையிலும் நுழைந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதை யாரு சரி பண்ணினது? எனக்கே இப்படி வராது."

"நல்ல நேரத்துல ஆரம்பிச்ச காரியம்மா" என்றார் ஆவுடையப்பன், சேற்றில் வயிற்றை இன்னும் கொஞ்சம் அழுத்தி.

சிங்கம் அதைக் கேட்டு, "நான்தான் அன்றைக்கே சொன்னேனே" என்று தலையாட்டிவிட்டு, பூட்டுக்கு இன்னொரு விழா எடுக்க நாள் பார்க்கச் சொன்னது.

நீதி: உங்கள் கணினிக்குள் திருடன் புகுந்துவிட்டால் பதற வேண்டாம், துரத்தவும் வேண்டாம். தேங்கிக் கிடக்கும் வேலையையெல்லாம் அவன் தலையில் கட்டிவிடுங்கள். ஓடிப்போகும்போது அவனே நன்றாகப் பூட்டிவிட்டுப் போவான்.